எடம் எடமா பிரிச்சுப் போடு

1

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வரும். ஜெர்மனியில் தபாலுக்குப் பஞ்சமில்லை. தெருக் குப்பைத்தொட்டியின் நிறம் மாறினால்கூட வீட்டுக்குக் கடிதம் போடும் நாடு இது. பதினைந்து வருடங்களாக அந்த வங்கிக் கடிதத்தைப் பிரிப்பேன், நம்மிடம் பணம் ஏதும் கேட்கவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள்வேன், கோப்பில் செருகிவிடுவேன். இந்த வருடம்தான் முழுதாகப் படித்தேன். அதுவும் பொறுப்பினால் அல்ல. முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை எனக்கு, அன்று விடுப்பு. சாம்பார் கொதிக்கும்வரை அடுப்படியில் நிற்க வேண்டியிருந்தது, கைக்கு அகப்பட்டது அதுதான்.

வங்கி முழுகிப்போனால் என் பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று சொல்லும் கடிதம் அது. ஒரு லட்சம் யூரோ வரை பயமில்லையாம். எங்களிடம் அதில் கால்வாசி இருந்தாலே நான் கோயிலுக்குப் பொங்கல் வைப்பேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஒரே வங்கியில் ஒருவருக்கு இருக்கும் எல்லாக் கணக்குகளும் ஒன்றாகக் கூட்டப்படும், வரம்பு அந்த மொத்தத்துக்குத்தான்.

அந்த வரியை இரண்டு தரம் படித்தேன். மூன்றாவது தரம் படிக்கும்போதுதான் ஓசூரில் இருக்கும் என் அண்ணனுக்கு இரண்டு வருடங்களுக்கு முன் நான் போனில் சொன்ன யோசனை ஞாபகம் வந்தது. ‘அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குதுண்ணே. மொத்தத்தையும் ஒரே எடத்துல போடாத. எடம் எடமா பிரிச்சுப் போடு.’

பேங்க் என்று சொன்னேனா? எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் இல்லை. எடம் என்றுதான் சொன்னேன். சாம்பார் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

2

அண்ணன் பெயர் சண்முகம். என்னைவிட ஒன்பது வயது பெரியவர். பர்கூர் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்குப் போய் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இயந்திரம் இறங்கிக் குத்தும், கீழே பாகம் விழும். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் குத்தும். அந்தச் சம்பளத்தில்தான் நான் நர்சிங் படித்தேன். என் கல்யாணத்துக்கு அவர் வாங்கிய கடனை அடைத்து முடிக்க ஆறு வருடம் ஆனது. என் கணவர் கம்பெனி வேலையாக இங்கே வந்தபோது, விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த அண்ணன் ஷிஃப்டுக்கு நேரமாகிறதென்று பாதியில் ஓடினார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் இயந்திரம் தகட்டோடு சேர்த்து அவர் வலது கையின் மூன்று விரல்களையும் வாங்கிக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். நான் இங்கிருந்து கத்தினேன், அழுதேன், யாரையெல்லாமோ திட்டினேன். ஒன்றும் முளைக்கவில்லை. கடைசியில் நஷ்டஈடு, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் கூட்டிப் பதினைந்து லட்சம் கையில் வந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘வெரலுக்கு அஞ்சு பாப்பா. கணக்கு சரியாத்தான் போட்டிருக்கானுவ.’

அந்தப் பதினைந்து லட்சம்தான் எல்லாம். ஐம்பத்திரண்டு வயதில், மூன்று விரல் இல்லாத கைக்கு ஓசூரில் எந்தக் கம்பெனியும் வேலை தராது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். லைன் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்தச் சம்பளமும், ரோஜா நர்சரியில் பூ தரம் பிரிக்கும் அண்ணி ரத்னம்மாவின் கூலியும் சரியாக இருந்தன. பணத்தை மூன்று வருடம் டெபாசிட்டில் போட்டு, வட்டியைத் தொடாமல் அப்படியே வளரவிட்டு, பிறகு பர்கூரில் நாலு சென்ட் வாங்கி இரண்டு ரூம் வீடு கட்டுவது என்பது திட்டம். எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார். ஏன் என்னை? நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அதனால் எனக்கு எல்லாம் தெரியும். ஊரிலிருப்பவர்கள் இப்படி நம்புவதைவிட மோசம், நாமும் அதை நம்பத் தொடங்குவது.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்ன யோசனை அது. எங்கோ படித்ததை அரைகுறையாக வைத்துக்கொண்டு சொன்னது. பேருந்துக்கு நான்கு நிமிடம் இருந்தது.

3

கடிதம் படித்த அன்றே போன் போட்டேன். இங்கே காலை பதினொன்று, அங்கே மதியம் இரண்டரை. அண்ணன் கேட்டில் இருந்தார். பின்னால் தண்ணீர் லாரியின் சத்தம்.

‘அண்ணே, அந்தப் பதினஞ்சு லட்சம் எந்த பேங்க்குல போட்ட?’

ஒரு கூட்டுறவு வங்கியின் பெயரைச் சொன்னார். மற்ற இடங்களைவிட வட்டி கூடுதலாம். குரலில் பெருமை. ‘நீ சொன்ன மாதிரியேதான் பாப்பா. ஓசூர்ல அஞ்சு, கிருஷ்ணகிரில அஞ்சு, அத்திப்பள்ளில அஞ்சு.’

‘மூணும் ஒரே பேங்க்கா?’

‘பேங்க்கு ஒண்ணுதான். எடம் வேற வேற. நீதான சொன்ன?’

 கிளை எத்தனை இருந்தாலும் பேங்க் ஒன்றுதானே என்றேன். அண்ணனுக்குச் சிரிப்பு.

‘அட, அத்திப்பள்ளி கர்நாடகா பாப்பா! ஜூஜூவாடி செக்போஸ்ட் தாண்டுனா பெட்ரோல் ரேட்டு வேற, வண்டி வரி வேற, பஸ்ஸு வேற, பிராந்திக் கடை வேற. இங்க பந்த்னா அங்க கட தொறந்திருக்கும், அங்க பந்த்னா இங்க தொறந்திருக்கும். பேங்க்கு மட்டும் எப்புடி ஒண்ணாவும்? அதான் ஒண்ண அங்க கொண்டுபோய்ப் போட்டது. ஒரு கவர்மெண்ட்டு கவுந்தாலும் இன்னொண்ணு இருக்கும்ல?’

இந்தக் கணக்கை ஓசூர்க்காரரைத் தவிர வேறு யாரும் போட முடியாது. பத்து நிமிடப் பயணத்தில் எல்லாமே வேறாகிவிடும் ஊரில் முப்பது வருடம் வாழ்ந்தவர். மாநில எல்லையை அவர் கால் ஒவ்வொரு நாளும் தொட்டிருக்கிறது. வங்கியின் எல்லை எங்கே என்று அவருக்கு யார் காட்டினார்கள்? நான் காட்டியிருக்க வேண்டும். நான் எடம் என்றேன்.

நிதானமாகச் சொல்ல முயன்றேன். டெபாசிட்டுக்கான காப்பீடு மாநிலத்துக்கு மாநிலம் மாறாது, நாடு முழுக்க ஒன்று. ஒரு ஆள், ஒரு வங்கி, அந்த வங்கியின் எல்லாக் கிளைகளிலும் அந்த ஆள் பெயரில் உள்ளதைக் கூட்டி ஐந்து லட்சம். அவ்வளவுதான். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அத்திப்பள்ளியும் அதற்கு ஒரே பை.

 அண்ணன், ‘அப்ப வட்டி? அஞ்சு போட்டது இப்ப அஞ்சே முக்கா கிட்ட ஆயிருக்கும்ல?’ என்றார்.

‘வட்டியும் அதுக்குள்ளதாண்ணே. அசலும் வட்டியும் சேந்து அஞ்சு. அதுக்கு மேல ஒரு ரூபா ஏறுனாலும் அது நம்ம தைரியம்.’

‘அப்ப ஓசூர்ல போட்டது ஒண்ணுக்கே பத்தாதா?’

‘பத்தாதுண்ணே.’

தண்ணீர் லாரி கிளம்பிப் போனது. ‘பேங்க்கு நல்லாத்தான இருக்குது?’ என்று அவரே கேட்டார், அவரே பதிலும் சொன்னார். ‘போன வாரம் மேனேஜர் மாறிட்டாருன்னாங்க. ஏ.டி.எம். ரெண்டு வாரமா வேல செய்யல. அது எந்த பேங்க்குலதான் ஒழுங்கா வேல செய்யுது?’

 ‘அண்ணே, திங்கக்கெழம காலைல போ. வட்டி போனாப் போவுது. ஓசூர்ல போட்டத ஒடைச்சு வெளிய எடு. அடுத்த நாளே கிருஷ்ணகிரி போ.’

‘பாதில ஒடைச்சா ஒரு பர்சென்ட் பிடிப்பாங்களாமே.’

‘பிடிக்கட்டும்!’ என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கிழவி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

4

திங்கள்கிழமை போனார். கவுன்ட்டரில் இருந்த பெண் நல்லவள்தான், படிவம் கொடுத்தாள், நிரப்பவும் உதவினாள். கையெழுத்தில் வந்து நின்றது. விபத்துக்குப் பிறகு அண்ணன் இடது கையால்தான் கையெழுத்துப் போடுகிறார். இடது கைக் கையெழுத்து ஒரு நாள் போல் இன்னொரு நாள் இருப்பதில்லை. சண்முகத்தின் ‘ண்’ ஒரு தரம் படுத்திருக்கும், ஒரு தரம் நிமிர்ந்திருக்கும். வங்கி வைத்திருக்கும் மாதிரியோடு ஒத்துவரவில்லையாம். ஐந்து தரம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஐந்தும் ஐந்து விதம்.

‘கைநாட்டு வெக்கலாமாம் பாப்பா. ரெண்டு சாட்சி வேணுமாம். அந்த பேங்க்குல கணக்கு வெச்சிருக்கவங்களா இருக்கணுமாம்.’

‘அண்ணியக் கூட்டிட்டுப் போ.’

‘அவளுக்கு சீசன். லீவு போட்டா கூலி போயிரும்.’

பதினைந்து லட்சம் போகப்போகிறது, இவர் ஒரு நாள் கூலியைப் பார்க்கிறார் என்று எனக்கு வந்த கோபத்தை அப்படியே கொட்டினேன். ஒரு நாள் கூலி என்பது எவ்வளவு என்று நான் மறந்து வெகுநாளாகிறது. அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புதன்கிழமை அவரோடு வேலை செய்த இருவரைச் சாட்சிக்கு அழைத்துப் போனார். ஒருவருக்கு அங்கே கணக்கு இல்லை. வியாழன் வேறொருவர் கிடைத்தார்; அன்று உள்ளூர் விடுமுறை. வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாகப் போய், படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, திங்களன்று பணம் கணக்கில் ஏறும் என்று சொன்னார்கள். அத்திப்பள்ளிக் கிளைக்கு அண்ணியின் தம்பியை விட்டு விசாரித்தோம். அங்கிருந்த குமாஸ்தா, ‘ஏனூ ஆகல்ல, ஏனூ ஆகல்ல’ என்று கையை ஆட்டினாராம். ஒன்றும் ஆகாது என்று ஒருவர் இரண்டு தரம் சொன்னால் எனக்குப் பயம் இரண்டு மடங்காகும்.

5

அந்த வாரம் நான் மனுஷியாக இல்லை. இல்லத்தில் ஒரு தாத்தாவுக்குக் காலை மாத்திரையை மதியம் கொடுக்கப் போனேன், கூட வேலை செய்பவள் தடுத்தாள். எங்கள் பணமும் பத்திரமா என்று ஒரு சந்தேகம் தொற்றிக்கொண்டது. புதன்கிழமை வேலை முடிந்து நேரே வங்கிக்குப் போனேன்.

இங்கே காப்பீடு செய்யப்பட்டது என்பதற்கு ‘ஃபெர்ஸிஷர்ட்’ என்று ஒரு சொல். கலவரப்பட்டுப் போனது என்பதற்கு ‘ஃபெர்உன்ஸிஷர்ட்’. நடுவில் ஒரு ‘உன்’தான் வித்தியாசம். நான் போய் கவுன்ட்டரில் நின்று, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ‘என் பணம் கலவரப்பட்டிருக்கிறதா?’ என்று கேட்டேன். அந்த இளைஞன் ஒரு கணம் யோசித்தான். பிறகு மிகவும் மரியாதையாக, ‘உங்கள் பணம் அமைதியாக இருக்கிறது அம்மா. நீங்கள்தான் கலவரப்பட்டிருக்கிறீர்கள்’ என்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஒரு எழுத்து கூடினால் மானம் போகும் மொழியை நான் பதினைந்து வருடமாகப் பழகுகிறேன். பிறந்ததிலிருந்து பேசும் மொழியில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை, திருத்தவில்லை. அண்ணன் அதை அப்படியே செய்து முடித்தார்.

என் மகள் நிலாவுக்குப் பதினாலு வயது. தமிழ் புரியும், பேசினால் நாக்கு இடறும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ‘மாமா ஏன் நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்?’ என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் வளர்ந்த நாட்டில் அது நியாயமான கேள்வி. எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. ‘அம்மா சொன்னதால் போட்டார்’ என்றேன். ‘நீ பேங்க்கில் வேலை பார்க்கிறாயா?’ என்றாள். 

ஆனால் சனிக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தபோது அவளே போனைப் பிடுங்கிக்கொண்டாள். முகத்தைச் சுளித்துச் சொற்களைத் தேடினாள். ‘மாமா, உங்க பணம் செத்துப் போச்சா?’

அண்ணன் ஓவென்று சிரித்தார். ‘இன்னும் சாவல கண்ணு. ஐ.சி.யூ.ல இருக்குது. திங்கக்கெழம டாக்டரு பாத்துட்டுச் சொல்லுவாரு.’

6

டாக்டர் சனிக்கிழமை மாலையே சொல்லிவிட்டார். ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்குக் கட்டுப்பாடு போட்டது. புதிய டெபாசிட் வாங்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது, டெபாசிட்காரர்கள் ஒரு சிறு தொகைக்கு மேல் எடுக்க முடியாது. திங்களன்று ஏற வேண்டிய பணம் ஏறவில்லை. ஓசூர்க் கிளையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்ததாம். வாசலில் முந்நூறு பேர். யாரோ ஒரு அம்மாள் மயங்கி விழுந்தாளாம். அண்ணன் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

‘பயப்படாத பாப்பா. மூணு மாசத்துல இன்சூரன்ஸ் பணம் குடுப்பாங்களாம். படிவம் குடுத்திருக்காங்க.’

பயப்படாதே என்று அவர் எனக்குச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ‘அண்ணே, நான்தான் தப்பா சொன்னேன். பேங்க்குன்னு சொல்லாம எடம்னு சொல்லிட்டேன்’ என்று அழுதேன். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

‘அட விடு. நீ சரியாத்தான் சொல்லிருப்ப. எனக்குத்தான் காதுல வேற மாதிரி விழுந்திருக்கும். பிரஸ் ஷாப்புல இருந்த காதுதான இது?’

அப்போது போனை அண்ணி வாங்கினாள். இருபத்தாறு வருடம் என்னை ‘ஏ செல்வி, நீ’ என்று உரிமையோடு பேசியவள். ‘நல்லா இருக்கீங்களா?’ என்றாள். அந்த ‘ங்க’ என்னைக் கன்னத்தில் அடித்தது போலிருந்தது.

‘அண்ணி...’

‘நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்ங்க. எந்தங்கச்சி சொன்னா, எந்தங்கச்சி சொன்னான்னு ரெண்டு வருசமா கேட்டுக் கேட்டு எங்காது புளிச்சுப்போச்சு. தெருவுல மூணு பேருக்கு வேற யோசன சொல்லிருக்காரு, ஜெர்மனிலேர்ந்து வந்த யோசனன்னு. இது வெரலு போன காசுங்க. இன்னொரு தரம் போவறதுக்கு அவருகிட்ட வெரலு இல்ல.’

போனைத் துண்டித்துவிட்டாள்.  அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

இரண்டு நாள் கழித்துப் படிவத்தோடு வைக்க ரசீதுகளை எடுத்தபோதுதான் இன்னொன்று வெளியே வந்தது. அத்திப்பள்ளி ரசீது அண்ணன் பெயரில் இல்லை. ரத்னம்மா என்று இருப்பதை அண்ணியின் தம்பி படித்துச் சொன்னார். அந்தக் கிளையின் ரசீதில் பெயரும் விவரமும் கன்னடத்தில். அண்ணனுக்குக் கன்னடம் மளமளவென்று பேச வரும், ஒரு எழுத்து படிக்க வராது. பணம் போட வேண்டிய அன்று அவருக்கு டியூட்டி இருந்ததால் அண்ணியின் கணக்குக்குப் பணத்தை மாற்றி அவளைத்தான் போடச் சொல்லியிருந்தார். அவள் பிறந்த ஊர் அத்திப்பள்ளிக்குப் பக்கம். அங்கே அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்கு உண்டு. போய் உட்கார்ந்தவள், புருஷன் பெயரில் போடாமல் தன் பெயரில் போட்டுவிட்டு, ‘போட்டாச்சு’ என்று வந்துவிட்டாள். அண்ணன் ரசீதை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

‘ஏன்டி எங்கிட்ட சொல்லல?’ என்று கேட்டிருக்கிறார்.

‘எங்க ஊரு பேங்க்குல எம் பேரு இருந்தா என்னா? இருவத்தாறு வருசத்துல எம் பேருல என்னா இருக்குது, ரேஷன் கார்டத் தவிர?’ என்றாளாம்.

அவள் எந்த விதியையும் படித்தவள் இல்லை. சின்னதாக ஒரு வீம்பு, அவ்வளவுதான். ஆனால் காப்பீட்டின் கண்ணில் அவள் வேறு ஆள். அவளுக்குத் தனியாக ஐந்து லட்சம் வரம்பு. அண்ணன் பெயரில் இருந்த பத்து லட்சமும் அதன் வட்டியும் சேர்ந்து ஐந்தாகச் சுருங்கும். அண்ணியின் ஐந்தில் வட்டி போகும், அசல் வரும். என் பேச்சைக் கேட்டதில் ஐந்து லட்சம் மாட்டிக்கொண்டது. கேட்காததில் ஐந்து லட்சம் பிழைத்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஊரில் யாராவது இதைப் படித்துவிட்டு பீரோவைத் திறந்து ரசீதுகளில் பெயரையும் வங்கியையும் ஒரு தரம் பார்த்தால் சரி.

7

மூன்று மாதம். நான் இங்கிருந்து மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறேன் என்றேன், அண்ணன் மறுத்துவிட்டார். ‘நிலா படிக்கணும், வெச்சுக்க’ என்றார். நான் தினமும் போன் செய்தேன். படிவம் போய்ச் சேர்ந்ததா, ஆதாரில் உள்ள பெயரும் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றா, வேறு வங்கிக் கணக்கு எண் சரியாக எழுதினாயா என்று நச்சரித்தேன். அண்ணி ஒரு நாளும் போனை வாங்கவில்லை. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்கும். சில நாள் கொஞ்சம் கூடுதலாகவே உருளும்.

வராமல் போன ஐந்து லட்சத்துக்கும் வட்டிக்கும் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. வங்கி கொடுத்த கடன்கள் வசூலாகிக் கொஞ்சம் கிடைக்கலாம், வேறு வங்கி இதை எடுத்துக்கொள்ளலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். நாலு சென்ட்டும் இரண்டு ரூமும் இப்போதைக்கு இல்லை. அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பர்கூரில் இடம் பார்த்து வைத்த தரகருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டதாக ஒரே ஒரு தரம் சொன்னார், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்.

போன செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருக்கும்போது போன் வந்தது. அண்ணன் என் வேலை நேரத்தில் கூப்பிடுவதே இல்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, ஒரு பாட்டிக்குப் பாதி மாட்டிய ஸ்வெட்டரோடு அவளை உட்காரவைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

‘பாப்பா, ஏறிடுச்சு. எனக்கு அஞ்சு, அவளுக்கு அஞ்சு. மெசேஜ் வந்துருச்சு.’

 ‘நெசமாவாண்ணே?’

‘நெசமா. ரெண்டு தரம் பாத்துட்டேன். சரி, இப்ப சொல்லு. இத எங்க போடட்டும்?’

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் கோபம்தான் வந்தது. ‘என்னையாண்ணே கேக்கற? இவ்ளோ ஆன பின்னாடியும் என்னையா கேக்கற? அண்ணியக் கேளு.’

‘அவதான் உன்னக் கேக்கச் சொன்னா.’

‘அண்ணியா?’

‘ஆமா. அவளுக்கு யாரும்மா தெரியும்? எனக்கு யாரு தெரியும்? பேங்க்குக்காரன் அவன் பேங்க்குலயே போடுன்றான். சீட்டுக்காரன் அவன்கிட்ட குடுன்றான். நீதான எங்களுக்கு.’

உள்ளிருந்து பாட்டி என்னைக் கூப்பிட்டாள்.  பதினைந்து வருடமாக அங்கிருந்து எது கேட்டாலும், பிரஷர் மாத்திரையிலிருந்து காலேஜ் அட்மிஷன் வரை, கேட்டு முடிப்பதற்குள் பதில் சொன்னவள் நான்.

‘எனக்குத் தெரியலண்ணே’ என்றேன்.

 அண்ணன் சொன்னார்: ‘சரி. விசாரிச்சுச் சொல்லு, அவசரமில்ல. நீ சொல்ற வரைக்கும் அது ஏறுன எடத்துலயேதான் கிடக்கும்.’